6 ஜி.பி.யைக் கழித்தால் 31 ரூபாய்: பேச்சு மட்டும் ரீசார்ஜ் திட்டங்களின் கணக்கு

2024 ஜூலை விலை உயர்வுக்குப் பிறகு ஜியோவில் 84 நாள் ஓடும் மிக மலிவான திட்டம் 479 ரூபாயாக இருந்தது. அளவில்லாத கால், 1000 எஸ்.எம்.எஸ்., மொத்தமாக 6 ஜி.பி. டேட்டா. 2025 ஜனவரிக் கடைசியில் அதே ஜியோ 448 ரூபாய்க்கு ஒரு திட்டம் போட்டது. அதே 84 நாள், அதே கால், அதே 1000 எஸ்.எம்.எஸ். டேட்டா மட்டும் கிடையாது.

கழித்துப் பார்த்தால் 31 ரூபாய். இதே 6 ஜி.பி.யைத் தனியாக ஆட்-ஆன் பேக்காக வாங்கினால், 2024 ஜூலை விலைப்பட்டியலின்படி 69 ரூபாய். வாங்கப் போனால் 69, வேண்டாம் என்றால் திரும்பக் கிடைப்பது 31.

ஏர்டெல்லிலும் கதை இதேதான். 84 நாளுக்கு 6 ஜி.பி.யோடு இருந்தது 509. டேட்டா இல்லாமல் வந்தது 469. வித்தியாசம் 40 ரூபாய். ஓராண்டுத் திட்டத்தில் 24 ஜி.பி.யோடு 1999, இல்லாமல் 1849. வித்தியாசம் 150 ரூபாய், அதாவது ஒரு ஜி.பி.க்கு 6.25. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயப்படுத்தியதால் வந்த இந்தத் திட்டங்கள் பயனாளிகளுக்குப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. ஆனால் இந்திய செல்போன் கட்டணம் உண்மையில் எதற்காக வாங்கப்படுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய சந்தர்ப்பம் இதற்கு முன் வாய்த்ததில்லை.

உத்தரவு வந்த வழி

2024 ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து விலையை ஏற்றின. ஜியோவில் தினம் 1.5 ஜி.பி. தரும் 28 நாள் பேக் 239இலிருந்து 299 ஆனது. ஏர்டெல்லில் 28 நாளுக்கு 2 ஜி.பி. தரும் அடிமட்ட பேக் 179இலிருந்து 199க்குப் போனது. வோடஃபோன் ஐடியாவிலும் அதே 179, அதே 199. விலை ஏற்றாத பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. ஆண்டு முடிவதற்குள் அந்த அலை அடங்கிவிட்டது. சிக்னலுக்காகப் பலர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள்.

அதே ஜூலைக் கடைசியில் டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் வேண்டும் என்பவர் ஏன் டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பது அதன் முக்கியக் கேள்வி. நாட்டில் அப்போதும் ஏறக்குறைய 15 கோடிப் பேர் 2ஜி இணைப்பில் இருந்தார்கள். பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்கள், வீட்டில் பிராட்பேண்ட் இருப்பதால் செல்போனில் டேட்டா தேவைப்படாதவர்கள், வங்கி ஓ.டி.பி.க்காக மட்டும் இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் டேட்டா சேர்ந்த பேக்கைத்தான் போட வேண்டியிருந்தது. இப்போதுள்ள திட்டங்களே போதும், பேச்சு மட்டும் என்பது காலத்தைப் பின்னுக்கு இழுப்பது என்று நிறுவனங்கள் எதிர்த்தன.

2024 டிசம்பர் 23 அன்று டிராயின் தொலைத்தொடர்பு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் 12ஆம் திருத்தம் வந்தது. பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள சிறப்புக் கட்டண வவுச்சர் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். அத்தகைய வவுச்சர்களின் வேலிடிட்டி வரம்பு 90 நாளிலிருந்து 365 நாளுக்கு உயரும். சாரம் இவ்வளவுதான். எத்தனை நாளுக்கு, என்ன விலைக்கு என்று விதி சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் செல்போன் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்து கொள்கின்றன. அமலுக்கு வந்த ஏழு வேலை நாட்களுக்குள் டிராய்க்குத் தெரிவித்தால் போதும். வாசலைத் திறந்துவிட்ட ஆணையம் அது எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது.

இன்கமிங்குக்கு ஏன் காசு

அழைப்பு வாங்குவதற்கே ஏன் பணம் கட்ட வேண்டும் என்பதை ஐ.யு.சி. என்ற இணைப்புக் கட்டணத்தைப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணுக்குப் பேசினால், அழைப்பை ஏற்றுக்கொண்ட நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று அழைத்த நிறுவனம் கொடுக்க வேண்டும். 2009 ஏப்ரலில் அது 20 காசு. 2015 மார்ச்சில் 14 காசு. 2017 அக்டோபர் 1 முதல் 6 காசு. 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம்.

மாதம் 200 நிமிடம் வேறு நெட்வொர்க்கிலிருந்து அழைப்பு வாங்கி, தான் எதுவும் பேசாத ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். 14 காசுக் காலத்தில் அவரால் நிறுவனத்துக்கு மாதம் 28 ரூபாய் வந்தது. அவர் ரீசார்ஜே செய்யாவிட்டாலும் அவர் வருமானம் தரும் வாடிக்கையாளர்தான். 2005 வாக்கில் வந்த 'லைஃப்டைம் இன்கமிங்' திட்டங்கள் நின்றது இந்த இணைப்புக் கட்டணத்தை நம்பித்தான். 6 காசு ஆனதும் அதே பாட்டியின் மதிப்பு 12 ரூபாய்க்கு இறங்கியது. 2018 நவம்பரில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளுக்குக் குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் சேவை என்று கொண்டுவந்தது தற்செயலாக நடந்ததாகத் தெரியவில்லை.

அந்த அடிமட்ட விலைதான் அதன்பிறகு ஏறிக்கொண்டே போனது. ஏர்டெல்லை மட்டும் பார்த்தால் 2019 டிசம்பர் இறுதியில் 45, 2021 ஜூலையில் 79, அதே ஆண்டு நவம்பரில் 99. 2022 நவம்பரில் ஹரியானாவிலும் ஒடிசாவிலும் தொடங்கி ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டமாக 155. 2024 ஜூலையில் 199. பேச்சு இலவசம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் செலவு இப்படி வளர்ந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தபிறகு ஒரு ஜி.பி.யின் விலை எவ்வளவு விழுந்தது என்பதைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. அடிமட்ட விலை ஏறியதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

ஜனவரி நான்காம் வாரம்

2025 ஜனவரி 22, 23 வாக்கில் திட்டங்கள் வந்தன. ஏர்டெல்: 84 நாளுக்கு 499, 365 நாளுக்கு 1959. ஜியோ: 84 நாளுக்கு 458, 365 நாளுக்கு 1958. வோடஃபோன் ஐடியா 270 நாளுக்கு 1460 என்று ஒரு திட்டம் வைத்தது. புதிதாக வந்த வவுச்சர்களை ஆராய்வோம் என்று டிராய் சொன்னதும் சில நாட்களிலேயே விலை இறங்கியது. ஏர்டெல் 469, 1849. ஜியோ 448, 1748.

இதில் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1958இலிருந்து 1748 என்றால் 210 ரூபாய் குறைப்பு. செய்திகளும் அப்படித்தான் வந்தன. ஆனால் 1958க்கு 365 நாள், 1748க்கு 336 நாள். நாளுக்கு 5.36 ரூபாய் 5.20 ஆகியிருக்கிறது. 16 காசு. 1748இன் விலையிலேயே 365 நாள் ஓட்டினால் 1899 வரும்; உண்மையான குறைப்பு 59 ரூபாய்தான். ஏர்டெல் நாட்களில் கை வைக்கவில்லை; அங்கே 110 ரூபாய் நிஜமாகவே குறைந்தது.

அப்போது மூன்று தனியார் நிறுவனங்களும் செய்யாதது ஒன்று உண்டு: 28 நாளுக்குப் பேச்சு மட்டும். ரீசார்ஜ் கடையில் இது இப்படி முடியும்:

"அண்ணே, நெட்டு வேண்டாம். பேசறதுக்கு மட்டும் போட்டு விடுங்க."

"அது 84 நாளைக்குத்தாம்மா இருக்கு, 469 ஆகும். ஒரு மாசத்துக்குன்னா நெட்டோட 199தான்."

கையில் 200 ரூபாய் இருப்பவர் 199ஐப் போட்டுக்கொண்டு போவார். மூன்று முறை அப்படிப் போட்டால் 597. 469ஐ விட 128 ரூபாய் அதிகம். விதி யாருக்காக வந்ததோ அவர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டாத உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

469 ரூபாயைப் பிரித்தால்

ஏன் 28 நாள் திட்டம் வரவில்லை என்பதற்கு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் விடை கிடைக்கும்.

469இல் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். வரி 71.54 போனால் நிறுவனத்தின் வருவாய் 397.46. அதில் 8 சதவீத உரிமக் கட்டணம், 31.80, அரசுக்கு. மிச்சம் 365.66. அதிலிருந்து கடைக்காரர் அல்லது ஆப்பின் கமிஷனும் போகும். கமிஷனுக்கு முன் நாளுக்கு 4.35 ரூபாய் நிற்கிறது.

நிறுவனங்கள் காலாண்டுதோறும் முதலீட்டாளர்களுக்குக் காட்டும் எண், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் கிடைக்கும் சராசரி வருவாய். அது ஜி.எஸ்.டி. நீங்கலாக, உரிமக் கட்டணம் கழிப்பதற்கு முன் போடப்படுவது. ஏர்டெல் திட்டங்களை 30 நாள் மாதத்துக்கு மாற்றினால் இப்படி வருகிறது:

469 ரூபாய், 84 நாள், பேச்சு மட்டும்: மாதம் 142
509 ரூபாய், 84 நாள், 6 ஜி.பி.: மாதம் 154
199 ரூபாய், 28 நாள், 2 ஜி.பி.: மாதம் 181
299 ரூபாய், 28 நாள், தினம் 1 ஜி.பி.: மாதம் 271

2024 அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் ஏர்டெல் அறிவித்த சராசரி 245. அதாவது பேச்சு மட்டும் வாங்கும் ஒருவர் அந்தச் சராசரியை விட 100 ரூபாய்க்கு மேல் கீழே நிற்கிறார். அவரை 199க்கு ஏற்றினால் 39 ரூபாய் கூடும். 299க்கு ஏற்றினால் சராசரியைத் தாண்டிவிடுவார். அவர் கீழே இறங்க எளிதான படி எதையும் வைக்காமல் இருப்பதுதான் விலைப்பட்டியல் போடுபவரின் வேலை.

படிகளை எடுப்பதற்கு விலையை ஏற்றவே தேவையில்லை. 2025 ஆகஸ்ட்டில் ஜியோ தினம் 1 ஜி.பி. தந்த 249 ரூபாய் பேக்கை ஆப்பிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் எடுத்தது. 28 நாளுக்குத் தினசரி டேட்டா வேண்டுமென்றால் அடுத்த படி 299. எந்தத் திட்டத்தின் விலையும் ஏறவில்லை; 249 போட்டவருக்கு மட்டும் 20 சதவீதம் ஏறிவிட்டது.

நிறுவனங்கள் சொல்வதில் உள்ள பாதி உண்மை

பேச்சுக்கு 448, டேட்டாவுக்கு 31 என்பது பார்த்தவுடன் ஏமாற்று வேலை போலத் தோன்றும். தொழில்நுட்பக் கணக்கு அவ்வளவு எளிதாக அந்த முடிவுக்கு விடாது.

4ஜி நெட்வொர்க்கில் குரலும் டேட்டா பொட்டலமாகத்தான் போகிறது. ஒரு நிமிடப் பேச்சு இரு திசையும் சேர்த்து அரை எம்.பி.யிலிருந்து ஒரு எம்.பி. வரை இழுக்கும். மாதம் 1000 நிமிடம் பேசினாலும் ஒரு ஜி.பி.யைத் தாண்டாது. ஒரு ஜி.பி. 7 ரூபாய் என்று வைத்தால், மாதம் முழுவதும் பேசியதன் டேட்டா மதிப்பு 7 ரூபாய்க்குள். ஆக, பயன்பாட்டைக் கொண்டு பார்த்தால் பேச்சுக்கும் செலவில்லை, 6 ஜி.பி.க்கும் செலவில்லை. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அலைக்கற்றை ஏலத்துக்குக் கட்டிய பணம், டவர் வாடகை, மின்சாரம், டீசல், ஃபைபர். போன் சட்டைப்பையில் சும்மா கிடந்தாலும் எந்த ஊரில் மணி அடித்தாலும் எடுக்கக்கூடிய நிலையில் வைத்திருக்கும் செலவு அது. நாம் கட்டுவது அந்த இருப்புக்கான நாள் வாடகை. 2ஜி ஓடும் ஏர்டெல், வோடஃபோன் ஐடியாவுக்கு இன்னொரு சுமையும் உண்டு: பழைய தொழில்நுட்பத்தையும் புதியதையும் ஒரே நேரத்தில் இயக்க வேண்டும்.

சரி, நாள் வாடகை என்றே ஒப்புக்கொள்வோம். அப்படியானால் அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டாமா?

இருப்பதில்லை. ஏர்டெல்லின் 199 பேக்கில் நாளுக்கு 7.11. 469இல் 5.58. 1849இல் 5.07. மொத்தமாகக் கட்டுபவருக்குச் சலுகை என்பது எல்லா வியாபாரத்திலும் உள்ளதுதான், ஆனால் டேட்டா உள்ள பேக்குகளில் இது எந்த அளவுக்குப் போகிறது என்று பாருங்கள். ஏர்டெல்லின் 2024 ஜூலை பட்டியலில் தினம் 1 ஜி.பி. தரும் 299ஐ 28 நாளுக்கு ஒருமுறை போட்டால் ஆண்டுக்கு 13 முறை, 3887 ரூபாய், அதுவும் 364 நாளுக்கு. அதே நிறுவனத்தில் 3599ஐ ஒரே தடவை கட்டியவருக்கு 365 நாள், தினம் 2 ஜி.பி. பாதி டேட்டா வாங்குபவர் 288 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். அவரால் ஒரே நாளில் 3599ஐ எடுத்து வைக்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஜியோவின் பட்டியலிலேயே நிறுவனங்களின் வாதத்தை உடைக்கும் எண் ஒன்று இருக்கிறது. 2023இல் வந்த ஜியோபாரத் போனுக்கு மட்டும் செல்லும் 123 ரூபாய் திட்டம்: 28 நாள், அளவில்லாத கால், 14 ஜி.பி. நாளுக்கு 4.39. டேட்டாவே இல்லாத 448இல் நாளுக்கு 5.33. ஒரே டவர், ஒரே அலைக்கற்றை. 2ஜி வாடிக்கையாளரை எதிர் முகாமிலிருந்து இழுக்க வேண்டும் என்றால் வாடகை குறைகிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் டேட்டா வேண்டாம் என்று சொன்னால் குறைவதில்லை.

பேச்சு மட்டும் பேக் யாருக்குப் பொருந்தும்

பட்டன் போனில் பேசுபவர், 84 நாளுக்கான தொகையை ஒன்றாகப் போட முடிந்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். 199ஐ மாதாமாதம் போடுவதை விட ஓராண்டுத் திட்டம் 738 ரூபாய் மிச்சம் (13 முறை 199 என்பது 2587, எதிரே 1849). பெற்றோருக்கு வெளியூரிலிருந்து ரீசார்ஜ் செய்யும் பிள்ளைகள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. வாட்ஸ்அப், யு.பி.ஐ., மருத்துவமனை டோக்கன் என்று மாதம் 1 ஜி.பி.யாவது ஓடும் என்றால், 30-40 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், பிறகு 19க்கும் 22க்கும் பூஸ்டர் போட்டு அதை இழப்பார்கள். வீட்டில் வைஃபை இருந்து, வெளியே அதிகம் போகாதவர் என்றால் பேச்சு மட்டும் போதும்.

இரண்டாவது சிம்முக்கு இந்தத் திட்டமே அதிகம். பேங்க் எஸ்.எம்.எஸ். வந்தால் போதும் என்பவர் அந்த எண்ணை பி.எஸ்.என்.எல்.லுக்கு மாற்றுவது பற்றி யோசிக்கலாம், ஆனால் வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா என்று அக்கம்பக்கத்தில் பி.எஸ்.என்.எல். வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு. ஓ.டி.பி. வராத மலிவான சிம்மால் பயனில்லை.

28 நாளா, மாதமா என்பதையும் கவனிக்க வேண்டும். 28 நாள் பேக்கால் ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் ஆகிறது என்ற புகாரை அடுத்து, 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவிட்டது. 2024 ஜூலை பட்டியலின்படி ஜியோவில் தினம் 1.5 ஜி.பி.க்கு 28 நாள் 299, காலண்டர் மாதம் 319. பன்னிரண்டு முறை 319 என்பது 3828. பதிமூன்று முறை 299 என்பது 3887. லாபம் 59 ரூபாய்தான், ஆனால் சம்பளத் தேதியோடு ரீசார்ஜ் தேதி நகராமல் நிற்பது பலருக்கு அதைவிடப் பெரிய நிம்மதி.

எங்கே இடறுகிறது

பேச்சு மட்டும் பேக்குகள் பட்டியலின் அடியில், 'வேல்யூ' அல்லது அதுபோன்ற தலைப்புக்குள் இருக்கும். பணம் செலுத்தும் ஆப்கள் முதலில் காட்டுவது தினசரி டேட்டா பேக்குகளை. தொகையை நேரடியாக அடித்து, கீழே வரும் விவரத்தில் டேட்டா என்ற இடத்தில் ஒன்றும் இல்லை, நாள் 84 அல்லது 336 அல்லது 365 என்று இருப்பதை உறுதி செய்துகொண்டு அழுத்த வேண்டும். தவறான பேக் ஏறிவிட்டால் பணம் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளலாம். சில ஆப்கள் ரீசார்ஜின் மேல் தனியாகச் சில ரூபாய் கட்டணமும் எடுக்கின்றன. நிறுவனத்தின் சொந்த ஆப்பில் அது இருக்காது.

அடிக்கடி நடக்கும் தவறு, சிம்மை உயிரோடு வைக்க டேட்டா பூஸ்டர் போடுவது. பூஸ்டருக்குச் சேவை வேலிடிட்டி கிடையாது. 19 ரூபாய் போட்டு டேட்டா ஏறியதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அடிப்படை பேக் முடிந்த அன்று அவுட்கோயிங் நிற்கும், சில நாளில் இன்கமிங்கும் நிற்கும்.

இன்னொன்று 20 ரூபாய் வதந்தி. மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் சிம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று 2025 ஜனவரியில் பரவலாகச் சுற்றியது. அது 2013ஆம் ஆண்டு விதி. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணையும், 20 ரூபாய் இருப்பு உள்ளவரை, வேறொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கானது. எண் உங்கள் பெயரில் இருக்கும் என்பதற்குத்தான் அதில் உத்தரவாதம். வேலிடிட்டி தீர்ந்தபின் மணி அடிக்கும் என்பதற்கு இல்லை.

பேச்சு மட்டும் பேக் போட்ட ஸ்மார்ட்போனில் மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது நல்லது. மெயின் பேலன்ஸில் பணம் இருந்தால் அடிப்படைக் கட்டணத்தில் டேட்டா ஓடக்கூடும். சில பேக்குகளின் சிறு எழுத்தில் எம்.பி.க்கு 50 காசு என்று இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு ஜி.பி. 512 ரூபாய். டேட்டா சேவையையே நிறுத்தி வைக்க 1925 என்ற இலவச எண் இருக்கிறது. கேட்காமல் ஏறிய காலர் டியூன், ஜோசியம் போன்றவற்றை எடுக்க 155223. பணம் எங்கே போனது என்று தெரியவில்லை என்றால், ப்ரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த ஆறு மாதத்துக்கான விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய். புகாரை 198இல் பதிந்து எண்ணை வாங்கி வைக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியாது. தனிப்பட்ட புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

எஸ்.எம்.எஸ். இல்லாத பேக்கில் மாட்டிக்கொண்டவர் போர்ட் செய்ய, அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற, முடியாது என்பது ஒரு காலத்தில் உண்மையான சிக்கல். எந்தப் பேக்காக இருந்தாலும் 1900க்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை அனுப்பினால் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். தற்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் 2024 ஜூலை முதல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

அடுத்த விலை உயர்வுக்கு முன்

2024இல் ஜியோ விலை உயர்வை அறிவித்தது ஜூன் 27. அமலுக்கு வந்தது ஜூலை 3. அந்த ஆறு நாள் இடைவெளியில் நீண்ட நாள் திட்டத்தைப் பழைய விலைக்கே போட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். ஓடிக்கொண்டிருக்கும் பேக் முடியும்வரை புதியது வரிசையில் காத்திருக்கும். பேச்சு மட்டும் பேக்குக்கும் இந்த வழி பொருந்தும், ஏனென்றால் அதன் விலையில் மிகப் பெரிய பகுதி நாட்களுக்கானதுதான். நாட்களை முன்கூட்டியே பழைய விலைக்கு வாங்கி வைப்பதில் நஷ்டமில்லை. வரிசையில் ஏறியதா என்பதை நிறுவனத்தின் ஆப்பில் அன்றே பார்த்துவிட வேண்டும். ஒரே நிபந்தனை: இடையில் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்தால் வரிசையில் நிற்கும் பேக்கும் மீதி நாட்களும் கூட வராது. சிக்னல் சரியில்லாத நிறுவனத்தில் 1849 ரூபாயை முடக்குவதற்கு முன் ஒரு 28 நாள் பேக்கைப் போட்டு வீடு, வேலை, ஊர் மூன்றிலும் சோதித்துப் பார்ப்பதற்கு அந்த 199 தகும்.